ஒரே மீனுக்கு மூன்று பெயர்

எடின்பரோவுக்குத் தெற்கே பர்டிஹவுஸ் என்ற சிற்றூர். அங்கே சூளைக்காக வெட்டிய சுண்ணாம்புக்கல்லில் பெரிய பெரிய பற்கள் அகப்பட்டன. கூடவே மினுமினுக்கும் செதில்கள். மருத்துவராக இருந்து புவியியலில் இறங்கிய சாமுவேல் ஹிபர்ட் அவற்றைச் சேகரித்து ஆராய்ந்தார். முதலையைப் போன்ற ஏதோ ஒரு பெரும் ஊர்வனவின் பற்கள் என்பது அவர் எண்ணம். அவ்வளவு பெரிய பல் ஒரு மீனின் வாயில் இருந்திருக்கும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்? 1834 செப்டம்பரில் எடின்பரோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்க மாநாட்டுக்கு சுவிட்சர்லாந்திலிருந்து லூயி அகாசி வந்திருந்தார். வயது 27. அதற்குள் புதைபடிவ மீன்களைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்ற நிலை. பற்களைப் பார்த்தவர், இவை மீனுடையவை என்றார். பிறகு லீட்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு தலையைப் பார்த்து, மெகாலிக்திஸ் என்று பெயரும் சூட்டினார்.

ஊர்வனவா மீனா என்ற வழக்கு அத்துடன் தீர்ந்தது. வேறொரு வழக்கு அங்கேதான் தொடங்கியது. பர்டிஹவுஸில் கிடைத்த மினுங்கும் செதில்கள் ஒரு மீனுடையவை. ராட்சதப் பற்களோ வேறொரு மீனுடையவை. இரண்டும் ஒரே கல்லில் கிடந்ததால் ஒரே பெயருக்குள் புகுந்துவிட்டன. 1840-இல் ரிச்சர்ட் ஓவன் அந்தப் பற்களைப் பிரித்தெடுத்து ரைசோடஸ் என்ற தனிப் பேரினமாக்கினார். இன்றைக்கு அது ஆறேழு மீட்டர் நீளம் வளர்ந்த வேட்டை மீன் என்று மதிப்பிடப்படுகிறது. மெகாலிக்திஸ் ஹிபர்ட்டி, ரைசோடஸ் ஹிபர்ட்டி என்று இரண்டு மீன்களுமே ஹிபர்ட்டின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஊர்வன என்று சொன்னவருக்கு மீனியல் செய்த மரியாதை அது!

கார்பானிஃபெரஸ் எனப்படும் நிலக்கரிக் காலம் சுமார் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 29.9 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அதன் வாசலிலேயே ஒரு பேரழிவு நடந்திருந்தது. அதற்கு முந்திய டெவோனியன் காலக் கடல்களை ஆண்ட கவசத் தலை மீன்களான பிளாக்கோடெர்ம்கள் அடியோடு அழிந்துபோயின. ஆகவே நிலக்கரிக் காலப் பாறையில் மீன்துண்டு ஒன்று கிடைத்தால், அது கவசமீனாக இருக்குமோ என்ற கேள்வியே எழாது. தாடையுள்ள மீன்களில் மிஞ்சுபவை நான்கு கூட்டங்கள்: சுறாக்களும் அவற்றின் உறவினரும்; துடுப்புக்கு முன்னால் முள் தாங்கிய அகாந்தோடியன்கள்; இன்றைய கெண்டை, நெத்திலி வரை வந்து சேரும் கதிர்த்துடுப்பு மீன்கள்; சதைத்துடுப்பு மீன்கள். ரைசோடஸும் நுரையீரல் மீன்களும் சீலகாந்துகளும் கடைசிக் கூட்டத்தைச் சேர்ந்தவை. நான்கில் ஒன்று என்று சொல்வது பெரிய காரியமில்லை. எந்தப் பேரினம், எந்தச் சிற்றினம் என்று கேட்கும்போதுதான் தலைவலி.

தலைவலிக்குக் காரணம் மீனின் உடம்புதான். சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது; செத்ததும் பெரும்பாலும் மக்கிவிடும். ஆனால் உயிரோடு இருக்கும்போதே அது ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்திருக்கும். ஒவ்வொரு பல்லும் கால்சியம் பாஸ்பேட், எளிதில் அழியாது. ஆகவே நிலக்கரிக் காலக் கடல்களின் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லில் பற்களும் முட்களும் குவிந்து கிடக்கின்றன, உடம்பைக் காணோம். நிலக்கரி அடுக்குகளுக்கு மேலே படிந்த களிப்பாறையில் நிலைமை நேர்மாறு. சேற்றில் அமிழ்ந்த மீன் முழுசாகவே கிடக்கும், ஆனால் அழுத்தத்தில் காகிதமாகத் தட்டையாகி, மண்டையோட்டின் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது எதன் விளிம்பு என்று தெரியாமல். ஒரே மீனின் பல் அயர்லாந்துச் சுண்ணாம்புக்கல்லிலும் உடல் வேறெங்கோ களிப்பாறையிலும் கிடைக்கும்போது, இரண்டையும் இணைக்கப் பாலம் கிடையாது.

பாறையிலிருந்து எடுக்கும் வழியும் இதைப் பொறுத்தே மாறும். சுண்ணாம்புக்கல் அமிலத்தில் கரையும். பல்லின் பாஸ்பேட் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கு அவ்வளவு எளிதில் மசியாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஹாரி டூம்ஸ் 1940-களின் இறுதியில் இந்த முறையை ஒரு தொழில்நுட்பமாகவே வளர்த்தெடுத்தார். கல்லை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, வெளிப்படும் எலும்புக்கு அவ்வப்போது பிசின் பூசி, மீண்டும் ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டால் எலும்பும் போய்விடும். களிப்பாறைக்கு இது உதவாது. உளியால் அடுக்கடுக்காகப் பிளக்கவேண்டியதுதான். அமெரிக்காவின் இல்லினாய்ஸில் மேசன் க்ரீக் பகுதியின் இரும்புக்கல் உருண்டைகளுக்கு இன்னொரு வித்தை: தண்ணீரில் ஊறப்போட்டு, உறையவைத்து, உருகவிட்டு, அது தானாக விரிசல் விடும்வரை காத்திருப்பார்கள்.

சுறாப் பல் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். நிலக்கரிக் காலத்தில் மிகப் பரவலாகக் கிடைப்பது கிளாடோடான்ட் வகைப் பல். நடுவில் உயர்ந்த ஒரு கூர்முனை, இருபுறமும் சின்ன முனைகள். அவற்றிலும் ஓரத்தில் இருப்பதுதான் பெரும்பாலும் உயரமாக இருக்கும், உள்ளே இருப்பது குட்டை. பார்த்தவுடன் கண்ணைப் பறிப்பவை இந்த முனைகள்தான். ஆனால் அனுபவமுள்ளவர்கள் பல்லைக் கவிழ்த்து அடித்தட்டைப் பார்ப்பார்கள். அது வாய்க்குள் எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது, மேற்புறத்தில் குமிழ் ஒன்றா இரண்டா, உதட்டுப் பக்கம் பள்ளம் உண்டா, இவைதான் ஒரு பேரினத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும். முனைகள் இரையோடு சேர்ந்து மாறுபவை, தேயும், உடையும். அடித்தட்டோ அடுத்த பல்லோடு எப்படிப் பொருந்தியது என்பதைக் காட்டுவது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இப்படிப் பார்க்காமல், மூன்று முனை ஐந்து முனை என்று எண்ணி எண்ணி எல்லாவற்றையும் கிளாடோடஸ் என்ற ஒற்றைப் பேரினத்தில் கொட்டி வைத்திருந்தார்கள்.

கிளாடோடஸ் என்ற பெயரும் அகாசி வைத்ததே. 1833 முதல் 1843 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய பெருநூல்தான் புதைபடிவ மீனியலுக்கு அடித்தளம். செதிலின் வடிவத்தை வைத்து எல்லா மீன்களையும் நான்கு வகையாக அவர் பிரித்தார். பிரிவினை நேர்த்தியாகத்தான் இருந்தது, நிலைக்கவில்லை. செதில் வடிவம் ஒன்றை மட்டும் நம்பினால், தூரத்து உறவினர் எல்லாம் ஒரே வீட்டில் குடிபுகுந்துவிடுவார்கள். கனமான பளபளப்புச் செதிலுக்காக, மெகாலிக்திஸும் சாய்சதுரச் செதில் கொண்ட கதிர்த்துடுப்பு மீன்களும் கனாய்டு என்ற ஒரே வகைக்குள் அடைபட்டன. ஒன்று நாலுகால் விலங்குகளின் பக்கம், மற்றது கெண்டையின் பக்கம். உடம்பே கிடைக்காத துடுப்பு முட்களுக்கோ அவர் காலத்தில் தனிக் கணக்கே இருந்தது: இக்தியோடோருலைட்டுகள், அதாவது எந்த மீனின் முதுகில் நின்றன என்று தெரியாத முட்கள்.

அகாசிக்குத் தங்கள் சேகரிப்புகளைத் திறந்துவிட்டவர்களில் முக்கியமான இருவர் சர் பிலிப் எகர்ட்டனும் எனிஸ்கில்லன் பிரபுவும். அயர்லாந்தின் ஆர்மா சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த அபாரமான பற்கள் எனிஸ்கில்லன் சேகரிப்பு வழியாக லண்டன் அருங்காட்சியகம் சேர்ந்தன. எகர்ட்டனுக்கு நம் பக்கத்துத் தொடர்பும் ஒன்று உண்டு. புதுச்சேரிப் பகுதியின் கிரட்டேசியஸ் பாறைகளிலிருந்து கே, கன்லிஃப் என்ற இருவர் அனுப்பிய மீன் எச்சங்களை 1845-இல் விவரித்து எழுதியவர் அவர்தான். காலம் வேறு, பாறை வேறு. கையில் இருந்த துண்டுகள் மட்டும் பல்லும் செதிலுமாக அதே மாதிரிதான்.

துண்டுகளுக்குப் பெயர் வைப்பதன் விளைவை முழுசாகக் காட்டும் மீன் ஒன்று உண்டு. நிலக்கரிச் சதுப்புகளின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்ந்த ஒரு சுறா. தலைக்குப் பின்னால் ஒரு நீண்ட முள்; முள்ளின் இரு ஓரங்களிலும் சின்னப் பற்களின் வரிசை. இந்த முள்ளை மட்டும் கண்ட அகாசி 1837-இல் புளூராகாந்தஸ் என்றார். பல்லோ வேறு மாதிரி: அடித்தட்டிலிருந்து இரண்டு பெரிய கொம்புகள் விலகி எழும், நடுவில் ஒரு குட்டி முனை. அதற்கு டிப்ளோடஸ் என்று அவரே இன்னொரு பெயர் வைத்தார். ஜெர்மனியின் பெர்மியன் பாறையில் உடம்போடு கிடைத்த மீனுக்கு 1848-இல் பெய்ரிக் என்ற ஆய்வாளர் ஸெனாகாந்தஸ் என்று பெயர் வைத்தார். முள்ளுக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என்று ஒரே கூட்டத்துக்கு மூன்று பெயர். மூன்றும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகாவது முதலில் வைத்த பெயர் நிலைக்க வேண்டுமே. விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் புளூராகாந்தஸ் என்ற பெயரை 1832-லேயே ஒரு வண்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். டிப்ளோடஸோ கடலில் இன்றும் நீந்தும் ஒரு மீனுடைய பெயர். கடைசியில் பெய்ரிக் வைத்த பெயரே கூட்டத்துக்குத் தலைப்பாக நின்றது. நிலக்கரிக் காலத்தில் அதிகம் கிடைக்கும் அதன் உறவினருக்கு ஆர்த்தகாந்தஸ் என்ற, முள்ளை வைத்து எழுந்த வேறொரு பெயர் நிலைத்தது.

இதே மீன் ரிச்சர்ட் ஓவனையும் ஒரு கை பார்த்தது. டைனோசர் என்ற பெயரை உலகுக்குத் தந்தவர், விக்டோரியா காலத்து உடற்கூற்றியலின் முடிசூடா மன்னர். இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து நிலக்கரிச் சுரங்கங்களின் லோ மெயின் அடுக்கிலிருந்து வந்த பற்களை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, 1867-இல் அவர் வரிசையாகப் புதுப் பேரினங்களை அறிவித்தார். அந்தச் சுரங்க மீன்களை ஆண்டுக்கணக்கில் கையாண்டு பழகிய தாமஸ் ஆத்தி என்ற உள்ளூர்க் கடைக்காரரும், நியூகாசிலின் உயிரியலாளர் அல்பனி ஹான்காக்கும் அதை விடவில்லை. டிட்டோடஸ், ஒக்லோடஸ் உள்ளிட்ட பல பெயர்கள் ஏற்கெனவே தெரிந்த கொம்புப் பல் சுறாவின் பற்கள்தான், சீவிய கோணம் மாறியதால் வேறு மாதிரித் தெரிகின்றன என்பது அவர்கள் வாதம். பல்லை எந்தப் பக்கம் வெட்டினாலும் புது உருவம் தெரியும். அதற்கெல்லாம் பெயர் வைக்க முடியுமா? காலம் பெரும்பாலும் கடைக்காரர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஓவனுக்கும் முழுத் தோல்வி இல்லை. அதே கட்டுரையில் அவர் வைத்த சாஜெனோடஸ் என்ற நுரையீரல் மீனின் பெயரும், ஏஜெலியோடஸ் என்ற சுறாவின் பெயரும் இன்றுவரை செல்லுபடியாகின்றன. ஆத்தியின் சேகரிப்பு நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஏஜெலியோடஸ் பல்லில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பல்லில் சில முனைகள், இன்னொன்றில் அதைப்போல் பல மடங்கு முனைகள். முனையை எண்ணிச் சிற்றினம் பிரித்தால் டஜன் கணக்கில் பிரிக்கலாம். பென்சில்வேனியாவின் பிந்தைய டெவோனியன் பாறையில் ஒரே இடத்தில் கிடைத்த பெருந்தொகைப் பற்களை டவுன்ஸ், டேஷ்லர் இருவரும் அளந்து 2001-இல் வெளியிட்டார்கள். குறைந்த முனையிலிருந்து அதிக முனை வரை இடைவெளியே இல்லாமல் வரிசை தொடர்ந்தது. ஒரே சிற்றினத்துக்குள் உள்ள வேறுபாடுதான் அது என்று முடிந்தது. ஒற்றைப் பல்லை வைத்துப் பேர் சொல்வதற்கும் நூறு பல்லை மேசையில் பரப்பிவைத்துச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பல் அரைக்கும் தட்டாக மாறிய மீன்களில் குழப்பம் இன்னும் மோசம். ஆர்மாவில் குவிந்து கிடைப்பவை இந்த வகை: சுருண்டு வளரும் காக்லியோடஸ் தட்டுகள், நாற்கரமாகத் தட்டையான சாமோடஸ், மேடுபட்ட ஹெலோடஸ். சிப்பியையும் நத்தையையும் நொறுக்கித் தின்ற வாய்கள். தட்டு தேயத் தேய உள்ளே இருக்கும் நுண்குழாய்களின் வாய் திறந்து மேற்பரப்பு புள்ளிபுள்ளியாகிவிடும். தேயாத தட்டையும் தேய்ந்த தட்டையும் அடுத்தடுத்து வைத்தால் உறவே தெரியாது. போதாக்குறைக்கு ஒரே வாயில் முன்பல் ஒரு வடிவம், பின்தட்டு வேறு வடிவம். அமெரிக்காவில் ஒரெஸ்டெஸ் செயின்ட் ஜானும் ஏ. எச். வொர்தனும் இல்லினாய்ஸ் புவியியல் அறிக்கையின் 1875, 1883 தொகுதிகளில் பக்கம் பக்கமாக இப்படிப் பற்களுக்குப் பெயர் வைத்தார்கள். படங்கள் இன்றைக்கும் அழகு. பெயர்களில் எத்தனை தேறும் என்பதுதான் கேள்வி. ஆனால் அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. பெயரே வைக்காமல் பெட்டியில் போட்டிருந்தால் பின்னால் வந்தவர்களுக்கு ஒப்பிட ஒன்றுமே இருந்திருக்காது.

முடிச்சை அவிழ்க்கத் தேவைப்பட்டது உடம்பு. அது மான்டானாவிலிருந்து வந்தது. அங்குள்ள பேர் கல்ச் சுண்ணாம்புக்கல் சுமார் 32 கோடி ஆண்டுப் பழமையானது. நூற்றுக்கும் மேற்பட்ட மீன் சிற்றினங்கள், அவற்றில் பல, நிறக்கறையும் ரத்தநாளத் தடமும் தெரியும் அளவுக்கு முழுசாக. ரிச்சர்ட் லுண்டும் பின்னர் எய்லீன் க்ரோகனும் 1960-களின் இறுதி முதல் அங்கே தோண்டினார்கள். செயின்ட் ஜானும் வொர்தனும் 1883-இல் பிசோனீமஸ் ஃபால்காட்டஸ் என்று பெயரிட்ட, வளைந்த ஒரு தனி முள் இருந்தது. பேர் கல்ச்சில் அந்த வகை முள் சாணளவுச் சுறாக்களின் தலைக்கு மேலே முன்னோக்கி வளைந்து நிற்பதாகக் கிடைத்தது. எல்லாவற்றிலும் அல்ல, ஆணில் மட்டும்! பெண்ணுக்கு முள்ளே இல்லை. 1985-இல் லுண்ட் ஃபால்காட்டஸ் என்ற பேரினத்தை நிறுவினார். ஒரு பலகைக்கல்லில் பெண் மீன் ஆணின் முள்ளை வாயால் கவ்வியபடி இரண்டும் சேர்ந்தே புதைந்திருக்கின்றன. தனித்தனியாகக் கிடைத்திருந்தால் ஆண் ஒரு சிற்றினம், பெண் இன்னொரு சிற்றினம் என்றே பட்டியலில் ஏறியிருக்கும்.

அங்கே கிடைத்த ஹார்பகோஃபுடுட்டர் என்ற விலாங்கு மாதிரியான மீனின் வாயில் காக்லியோடஸ் வகைத் தட்டுகள் இருந்தன. ஆர்மாவின் அரைக்கும் தட்டுகள் ஆழ்கடலில் இன்றும் வாழும் கைமீரா மீன்களின் உறவினருடையவை என்ற எண்ணத்துக்கு இத்தகைய முழு உடல்களே உரம் சேர்த்தன. ஸ்காட்லாந்திலும் இதற்கு ஒரு துணைச்சாட்சி உண்டு. கொண்ட்ரென்கெலிஸ் என்ற நீண்ட மீனுக்கு 1888-இல் எடின்பரோ அருங்காட்சியகத்தின் ராம்சே டிராக்வேர் ப்ராப்ளமாட்டிக்கா என்று சிற்றினப் பெயர் வைத்தார்; எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்பதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்ட நேர்மை அது. கொம்புப் பல் சுறாக்களோடு ஒருகாலத்தில் சேர்த்துப் பேசப்பட்ட அந்த மீன் கைமீராவின் பக்கம்தான் என்பதை ஃபினரெல்லியும் கோட்ஸும் 2012 முதல் செய்த மறு ஆய்வு உறுதிசெய்திருக்கிறது.

முழு உடல் கிடைத்தாலும் ஏமாறலாம் என்பதற்கு மேசன் க்ரீக்கின் பாண்ட்ரிங்கா சாட்சி. நீண்ட மூக்குள்ள இந்தச் சுறாவில் இரண்டு சிற்றினங்கள் என்று சொல்லிவந்தார்கள். லாரன் சலானும் மைக்கேல் கோட்ஸும் 2014-இல் காட்டியது வேறு. கடலோரப் படிவில் கிடைத்தவற்றில் மென்சதையின் அச்சு பதிந்திருந்தது. நன்னீர்ப் படிவில் கிடைத்தவற்றில் குருத்தெலும்பு மிஞ்சியிருந்தது. புதைந்த விதம்தான் வேறு, மீன் ஒன்றே. கடலோரத்தில் கிடைத்தவை எல்லாம் குட்டிகள், அருகில் முட்டை உறைகளும் இருந்தன என்பதால், தாய்ச்சுறாக்கள் ஆற்றிலிருந்து கடலோரத்துக்கு வந்து முட்டையிட்டிருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். ஒரு பெயரை நீக்கியபோது ஒரு வாழ்க்கைமுறை கையில் கிடைத்தது. பெயர் சேர்ப்பதைவிடப் பெயர் கழிப்பதே இந்தத் துறையில் அரிய வேலை. அதற்குப் பாராட்டு மட்டும் குறைவு.

தனி முட்களில் ஜைராகாந்தஸ் பெரியது, சுரங்கங்களில் சகஜம். மேலே சாய்வரிகள், நுனி பெரும்பாலும் தேய்ந்தது. அகாசி அதைச் சுறாவின் முள் என்றார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் மான்ஸ்ஃபீல்டு என்ற இடத்தில் கிடைத்த ஓரளவு முழுமையான உடல்களை ஸ்மித் வுட்வர்டு 1906-இல் விவரித்தபோது, முட்கள் இணை இணையாகத் துடுப்புகளைத் தாங்கியது தெரிந்தது. முள் அகாந்தோடியன் கூட்டத்துக்கு மாறியது. பின்னர் கடந்த இருபது ஆண்டுகளில் அகாந்தோடியன்களே சுறாக் கிளையின் அடிவேரில் இருந்து பிரிந்தவை என்ற கருத்து வலுத்துவிட்டது. அகாசியின் முள் சுற்றிச் சுற்றி மறுபடி சுறாக்களின் அண்டை வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

கதிர்த்துடுப்பு மீன்களின் கதை பல்லில் இல்லை, மண்டையில் இருக்கிறது. எடின்பரோ அருங்காட்சியகத்தில் ராம்சே டிராக்வேர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை அதுதான்: நசுங்கிய தலையில் கன்னத்து எலும்பையும் செவுள் மூடியையும் ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்து வரைவது. அவருடைய கட்டுரைகளுக்குப் படம் வரைந்த ஃபீபி மாஸ் 1873-இல் அவர் மனைவியானார். பின்னாளில் ஸ்காட்லாந்தின் பெயர்பெற்ற சுவரோவியக் கலைஞர் ஃபீபி டிராக்வேர் அவரே. எஸ்க் ஆற்றங்கரையில் கிளென்கார்தோம் என்ற இடத்தில் 1879-இல் புவியியல் அளவைத் துறையினர் கண்ட மீன் அடுக்கை டிராக்வேர் 1881-இல் விவரித்தார். ஒரே அடுக்கில் மீன் வகைகள் அள்ள அள்ள வந்தன. அவற்றில் பெரும்பாலானவை பேலியோனிஸ்காய்டு என்ற ஒற்றைத் தலைப்பின்கீழ் போயின: தலையின் முன்பகுதியில் பெரிய கண், சாய்ந்த தாடை, மேல்மடல் நீண்ட வால், சாய்சதுரச் செதில். இந்த அடையாளங்கள் பழமையின் அடையாளங்களே தவிர, உறவின் அடையாளங்கள் அல்ல. வேறு எங்கும் வைக்க முடியாதவை எல்லாம் அந்தத் தலைப்பில் சேர்ந்தன.

சி.டி. ஸ்கேன் வந்தபின் இந்தக் குவியல் கலைய ஆரம்பித்திருக்கிறது. லங்காஷயரில் ட்ராடன் பகுதி நிலக்கரி அடுக்குக்கு மேலிருந்த கல்லில் கிடைத்த ஒரே ஒரு மண்டையோடு மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் கிடந்தது. காக்கோசெஃபாலஸ் என்ற அந்த மீன் 1925-லேயே விவரிக்கப்பட்டது. வெளியிலிருந்து சொல்லக்கூடியது எல்லாம் சொல்லியாயிற்று. அதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்கேன் செய்தபோது, மண்டைக்குள் 31.9 கோடி ஆண்டுப் பழைய மூளையே இருந்தது! 2023-இல் நேச்சர் இதழில் வெளியானது. இன்றைய கதிர்த்துடுப்பு மீன்களில் முன்மூளை வெளிப்புறமாக மடிந்து வளரும், இதில் உட்புறமாக. அப்படியானால் இன்றைய மீன்களின் பொது மூதாதைக்கு முன்பே கிளைபிரிந்த மீனாக இது இருக்க வேண்டும். சாம் கைல்ஸ் குழுவினர் 2017-இல் இன்றைய ஆப்பிரிக்க பிச்சிர் மீனின் பழைய உறவினரை ஆராய்ந்து சொன்னதும் இதே திசையில்தான்: கிளென்கார்தோம் போன்ற இடங்களின் பல மீன்கள் இன்றைய மீன்களின் வம்சத்துக்குள் அல்ல, அதன் வாசலுக்கு வெளியே நிற்பவை. நசுங்கிய எலும்பின் விளிம்பைப் பார்த்து நூற்றைம்பது ஆண்டுகள் போட்ட கணக்கை, மூளைப் பெட்டியின் உட்சுவர் திருத்திக்கொண்டிருக்கிறது.

மீனே இல்லாதவையும் இந்தப் பட்டியலில் நுழைந்ததுண்டு. 1856-இல் கிறிஸ்டியன் பாண்டர் மீன்பல் என்று விவரித்த கோனோடான்ட் துணுக்குகளின் சொந்தக்காரர் யார் என்று நூறாண்டுக்கு மேல் தெரியவில்லை. எடின்பரோவின் கிரான்டன் கடற்கரை நிலக்கரிக் காலப் படிவிலிருந்து எடுத்து, சேகரிப்பு அலமாரியில் கிடந்த ஒரு புழு போன்ற அச்சின் தலைமாட்டில் அந்தத் துணுக்குகள் இருப்பது 1983-இல் வெளியானது. முதுகுநாண் உள்ள விலங்கு, ஆனால் தாடையுள்ள மீன் அல்ல. மேசன் க்ரீக்கில் கிடைக்கும், டல்லி அசுரன் என்று அழைக்கப்படும் விசித்திர விலங்குக்கோ இன்னும் வீடு கிடைக்கவில்லை. 2016-இல் லாம்ப்ரி மீனின் உறவினர் என்றார்கள். மறு ஆண்டே மறுப்பு வந்தது. 2023-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முப்பரிமாண ஸ்கேனோடு, முதுகெலும்பியே அல்ல என்றார்கள்.

இத்தனைக்கும் பிறகு, தனிப் பல்லை வைத்துப் பெயர் சொல்வது வீண்வேலையா? அப்படிச் சொல்வதற்கில்லை. 1981-இல் ரெய்னர் சாங்கர்ல் எழுதிய கையேடு முழு உடல்களை முன்னிறுத்தியது. 2010-இல் கின்டர், ஹாம்பே, டஃபின் மூவரும் சுறாப் பற்களுக்கே ஒரு தனிக் கையேடு எழுதினார்கள். அடித்தட்டின் அமைப்பு, உள்ளிழை, எனாமல் படலம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பல் நம்பத்தக்க சாட்சிதான். கனடாவின் மின்டோ நிலக்கரிப் பகுதியில் கிடைத்த, சுருளாகக் கல்லாகிப்போன ஆர்த்தகாந்தஸ் மலத்தை அறுத்துப் பார்த்தவர்கள் உள்ளே அதே வகைக் குட்டிகளின் கொம்புப் பற்களைக் கண்டார்கள். 2016-இல் வெளியான செய்தி அது. தன் இனத்துக் குட்டியையே தின்ற சுறாவை, மூன்று பெயர் வாங்கிய அந்தக் கூட்டத்தின் பல்தான் காட்டிக்கொடுத்தது. பல்லுக்கு வைத்த பெயரைப் பல்லின் பெயராகவே வைத்துக்கொண்டு, குடும்பம் கோத்திரம் சொல்ல அவசரப்படாமல் இருந்தால் பாதிச் சிக்கல் குறையும். முள்ளுக்கும் இதுவே பொருந்தும்.

ஆர்மாவிலிருந்து வந்து அகாசி 1843-இல் கிளாடோடஸ் ஸ்ட்ரியாட்டஸ் என்று பெயரிட்ட பெரிய பற்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டஃபினும் கின்டரும் 2006-இல் அடித்தட்டை வைத்து அதைத் தனியாக்கி சைவோடஸ் என்றார்கள். உடம்பு இல்லை, பல் மட்டுந்தான். 2019-இல் கென்டக்கியின் மாமத் குகைக்குள், சுமார் 33 கோடி ஆண்டுச் சுண்ணாம்புச் சுவரில் ஒரு பெரிய சுறாத் தலையின் பகுதி தென்பட்டது: குருத்தெலும்புத் தாடை, அதோடு பற்கள். படங்களைப் பார்த்த ஜே.பி. ஹாட்னெட் அது சைவோடஸ் ஸ்ட்ரியாட்டஸ் என்று அடையாளம் சொன்னார். அதன்பின் அதே குகையின் சுவர்களையும் கூரையையும் ஊர்ந்து ஊர்ந்து பார்த்ததில் சுறா வகைகள் வரிசையாக வந்தன. கிளிக்மேனியஸ் கேர்ஃபோரம், ட்ரோக்ளோகிளாடோடஸ் ட்ரிம்ப்ளை என்ற இரண்டு புதுச் சிற்றினங்கள் 2024-இல் அறிவிக்கப்பட்டன. கிளிக்மேனியஸின் இளம் மீன் ஒன்று தாடையும் செவுளுமாகவே கிடைத்திருக்கிறது.